மூன்றாவது சிலிண்டர்

இறக்கி வைக்க நான்கே போல்ட்டுதான்.
ஜாக்கி மேல் பலகை, பலகை மேல் கோணி.
முத்தியால்பேட்டை ஷெட்டில் ஒரு ஞாயிறு காலை
எஞ்சின் காரை விட்டுப் பின்வாங்கியது,
பந்தியில் யாருக்கும் சொல்லாமல்
எழுந்து போகிறவரைப் போல.

அறுபத்தாறு மாடல். ரேடியேட்டர் கிடையாது.
பங்க்கில் பையன் பானட்டைத் திறந்து
தண்ணீர் ஊற்ற இடம் தேடுவான்.
அங்கே ஸ்டெப்னியும் என் குடையும் இருக்கும்.
காற்றுதான் தம்பி இதற்குத் தண்ணீர் என்பேன்.
நம்ப மாட்டான்.

விசிறிக் கூண்டைக் கழற்றினால்
உள்ளே எலி கட்டிய வீடு:
தேங்காய் நார், பூத் சிலிப்புக் கிழிசல்.
எந்தத் தேர்தலோ,
வாக்காளர் பெயரில் "யம்மாள்" மட்டும் மிச்சம்.
சிலிண்டர் செதில்களுக்கு நடுவே குளவி மண்,
அதற்கு மேல் கடல் மணல்,
எல்லாவற்றையும் மூடிப் பழைய எண்ணெயின் தோல்.

லேத் அந்துவான்
பிஸ்டன்களைச் செய்தித்தாளில் வரிசையாக வைத்தார்.
ஒன்று, இரண்டு, நான்கு பழுப்பு.
மூன்று கருகியிருந்தது.
அதன் எக்ஸாஸ்ட் வால்வின் கழுத்தில்
முடி அளவு விரிசல்.
"எப்பவும் இதேதான்" என்று டீ குடிக்கப் போய்விட்டார்.

காலிக் கூண்டுக்குள் கையை விட்டுத் தடவினேன்.
விசிறிக் காற்று முதலில் ஆயில் கூலரில் மோதி
அதன் சூட்டை வாங்கிக்கொண்டு
மிச்சமாகத்தான் மூன்றாவதுக்குப் போகிறது.
செய்தவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.
கூலரை நகர்த்தவில்லை.
டிஸ்ட்ரிபியூட்டரில் ஒரு தந்திரம் வைத்தார்கள்:
மூன்றாவதுக்கு மட்டும்
பொறி சற்றுத் தாமதமாக வரும்.

அலுவலகத்தில் என் மேசையும் மூன்றாவது.
ஃபேனுக்கும் எனக்கும் நடுவே பச்சை பீரோ.
போன கோடையில் மனு கொடுத்தேன்.
"மதியத்துக்கு மேல் ஃபைல்களை
மெதுவாகப் பாருங்கள் மேடம்" என்று
பதில் வந்தது.

அந்துவானின் மருமகன் சில்வேன்
பெரிய பிஸ்டன் போடச் சொன்னான்,
இரட்டைக் கார்புரேட்டர், பறக்கும் என்றான்.
பறந்து எங்கே போக?
கத்திரி வெயிலில் கடலூர் வரை
வழியில் நிற்காமல் போய்த் திரும்பினால் போதும்.
அதே அளவு பேரல், புது ரிங்,
பாயிண்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக்,
பிறந்தது முதல் வெறும் வலையில் வடித்துக் குடித்த எண்ணெய்க்கு
முதல்முறையாக ஒரு ஃபில்டர்.
அப்புறம், கோயம்புத்தூரிலிருந்து லாரி பார்சலில்
எழுபத்திரண்டின் கூண்டும்
ஒரு விரல் அகலம் கூடிய விசிறியும்.
இதில் கூலருக்குத் தனி அறை.
சூட்டுக் காற்று வெளியேறத் தனி வாசல்.

டேப்பெட் இடைவெளி ஆறு தௌ.
ஆறிக் கிடக்கும்போதுதான் அளக்க வேண்டும்.
விடிகாலை நாலரைக்குப் போனேன்,
மீன் கூடைகள் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம்.
ஃபீலர் கேஜ் தகட்டை
லேசாகப் பிடிக்க வேண்டும், லேசாக விட வேண்டும்,
கடன் கொடுத்தவர் கைகுலுக்குவது போல.

முதல் ஸ்டார்ட்டில் இருமல்.
இரண்டாவதில்
நாலு வீட்டில் ஒரே நேரம் கடுகு தாளிக்கும் சத்தம்.
ஒரு வாஷர் மிஞ்சியது.
அந்துவான் அதைப் பார்க்காத மாதிரி பார்த்தார்.

திங்கட்கிழமை நானும் பியூன் இருசப்பனும்
பீரோவை ஒன்றரை அடி நகர்த்தினோம்.
யாரையும் கேட்கவில்லை.
அடியில் ஒரு பேனா மூடி, இரண்டு பல்லி முட்டை ஓடு.

மே மாதம், பகல் ஒரு மணி, அரியாங்குப்பம் பாலம்.
முன்னால் கல்யாண வேன், பின்னால் டேங்கர்.
இருபது நிமிடம் எதுவும் அசையவில்லை.
டேங்கர்க்காரர் எட்டி எட்டிப் பார்த்தார்,
புகை வருமென்று.

கன்னியக்கோவிலில் ஓரம் கட்டினேன்.
எண்ணெய்க் கம்பியை உருவி
நுனியை இரண்டு விரலால் பிடித்தேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
நான்கு எண்ணும்வரை
பிடிக்க முடிந்தது.